பழைய வீட்டுக்காரி

அமெரிக்காவில் ஒரு சின்ன நகரத்தில் குடியிருக்கும் மாமா மகளான என் மச்சி, நடந்துகொண்டே வீடியோ கோல் எடுத்தாள். வழியெல்லாம் பழைய வீடுகள். ஒவ்வொன்றின் வாசலிலும் யார் கட்டியது, எப்போது கட்டியது என்று சொல்லும் சிறு பித்தளைத் தகடு.

"இந்த வீடுகள உடைக்க ஏலாதாம்கா. பெயின்ட் மாத்துறதெண்டாலும் நகரசபையிட்ட கேக்கணுமாம்."

"எங்கட ஊரெண்டா தகட்டக் கழட்டிப் பழைய சாமான்காரனுக்குப் போட்டிருப்பானுகள்" என்றேன்.

சிரித்தோம். ஆனால் கோலை வைப்பதற்குள் நான் முடிவெடுத்துவிட்டேன். கிழக்கிலங்கையில் எங்கள் கல்முனைக்குடியில் எஞ்சியிருக்கும் பழைய வீடுகளை எல்லாம் படமெடுத்து, அவற்றின் கதையை எழுதி, ஊருக்குக் காட்ட வேண்டும். முதலாவது எங்கள் வீடு. முதிரை மரத்தூண், சுண்ணாம்புச் சுவர், வாசல் நிலைக்கு மேலே நிறக் கண்ணாடி. சுனாமித் தண்ணீர் ஜன்னல் மட்டத்துக்கு ஏறி இறங்கியும் அசையாத வீடு.

எங்கள் வீட்டைத் தூண் தூணாகப் படமெடுத்து முடித்து, அடுத்த நாளே ஃபோனோடு தெருவில் இறங்கினேன். முதல் வீட்டுக்காரப் பெண் வாசலுக்கு வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இதையா படம் எடுக்காய்? ஆறு மாசம் கழிச்சு வா புள்ள. மகளுக்கு மாடி வச்சுக் கட்டுறம். டைல்ஸ்ல உன்ட மூஞ்சியே தெரியும், அப்ப எடு."

அடுத்த வளவில் வீடே இல்லை, கல்லும் மண்ணும்தான். அங்கேயும் "மகளுக்கு" என்றார்கள். எங்கள் பக்கத்தில் மகளைக் கட்டிக்கொடுப்பதென்றால் மாப்பிள்ளை வந்து இருக்க வீடு கொடுத்தாக வேண்டும். வெறும் காணிக்கு எங்கே போவது? நிற்கிற வீட்டை உடைத்துத்தான் புதியதை எழுப்புகிறார்கள். ஊரைத் திட்டிக்கொண்டே திரும்பினேன்.

எங்கள் விறாந்தையில் வாப்பாவும் வீடு கட்டுகிற மேசனும் அளவுநாடாவின் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு மாப்பிள்ளை பேசி முடித்திருந்த நேரம் அது. நானும் ஒரு மகள்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"வாப்பா, உடைக்க வேணாம். எனக்கு இந்த வீடே போதும்."

வாப்பா மேசனைப் பார்த்துச் சிரித்தார். "கேட்டீங்களா? படிக்க வச்சா இப்பிடித்தான்."

உம்மா சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக் குசினிக்குள் இழுத்துப் போனார்.

"எனக்கும் கலியாணத்துக்கு இதே வீடுதான் தந்த. யுத்தப் பிரச்சின காலம், ஒரு பேக் சீமெந்தும் எடுக்க ஏலாது. வாப்பாட கூடப்பிறந்த உன்ட மாமிமார் எனக்கு வச்ச பேர் தெரியுமா? பழைய வீட்டுக்காரி. கலியாண வீட்டுக்குப் போனாலும் அந்தப் பேர், மவுத்து வீட்டுக்குப் போனாலும் அந்தப் பேர். நீ அதக் கேக்கப்படாது மகள்."

வாதாட எவ்வளவோ வைத்திருந்தேன். நான் ஆசையாகப் படமெடுத்த ஒவ்வொரு தூணும் உம்மாவுக்கு ஒரு குத்துப் பேச்சாக இருந்திருக்கிறது. வெங்காயம் உரித்துக் கொடுத்தேன்.

புது வீடு எழும்பியதும் வாப்பாவும் உம்மாவும் பின்வளவில் ஒற்றை அறையில் இருப்பார்களாம். அதையும் அளந்துவிட்டுத்தான் மேசன் போனார்.

பெருநாள் முடிய ஓடு இறக்கத் தொடங்குவார்கள். அதற்கு முன்னால் மாப்பிள்ளையின் ராத்தா என்னைப் பார்க்க வருகிறார். தேத்தண்ணி கொடுத்துவிட்டு உள்ளே போய்விட மாட்டேன். உங்கள் தம்பி இந்த வீட்டிலேயே இருக்கச் சம்மதிப்பாரா என்று முகத்தைப் பார்த்துக் கேட்கப்போகிறேன். அப்படிக் கேட்கப்போவதை இன்றைக்கே உம்மாவிடம் சொல்லிவிட வேண்டும். அவர் அஸர் தொழுதுகொண்டிருக்கிறார். முடியட்டும்.