தோற்றவர்களுக்குச் சொன்ன விலை

பெங்களூரிலிருந்து அந்த மின்னஞ்சல் வந்த காலையில் எங்கள் முதலாளியான சார் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். மற்ற நாட்களில் அவர் கதவைச் சாத்திக்கொண்டால் எங்களுக்குக் கொண்டாட்டம். அன்று அப்படி இல்லை.

கேரளத் தலைநகரின் தம்பானூரில், ரயில் ஸ்டேஷன் பக்கத்தில், ஒரு லாட்ஜின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம். மொபைலில் ஆடும் விளையாட்டுகளைச் செய்கிறோம். ஆடுவது இலவசம், சோறு போடுவது விளம்பரம். ஒரு கட்டம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் வரும் அந்த ஒரு விளம்பரத்துக்காக, ஆடுகிறவர் கொட்டாவி விட்டு முடிப்பதற்குள், விளம்பர நிறுவனங்கள் ஏலம் கேட்டு முடித்துவிடும். யார் கேட்டார், என்ன விலைக்குக் கேட்டார், அந்த விலை எவ்வளவு நேரம் செல்லும் என்பதையெல்லாம் வாங்கி வைத்துக்கொள்ளும் நிரல் பகுதியை நான்தான் எழுதினேன். எங்கள் தொழிலில் அதற்கு கிளாஸ் என்று பெயர். ஏலம் முடிந்ததும் ஜெயித்தவருக்கு 'உங்களுக்குத்தான்' என்று அது தகவல் அனுப்பும். தோற்றவர்களுக்கு 'இன்ன விலைக்குப் போய்விட்டது' என்று சொல்லும். தோற்றவர் அந்த விலையைப் பார்த்துத்தான் அடுத்த முறை எவ்வளவு கேட்பது என்று முடிவு செய்வார். இதில் நம்பிக்கையைத் தவிர வேறு காவல் கிடையாது.

சாருக்கு அங்கேதான் மூளை வேலை செய்தது. மலையாளிதான், ஆனால் என்னிடம் காரியம் ஆகவேண்டுமென்றால் மலையாளம் கலந்த தமிழுக்கு வந்துவிடுவார்.

"தோத்தவங்ககிட்ட விலையை இச்சிரி கூட்டிச் சொன்னா என்ன? அடுத்த தடவை அவங்களே கூட்டிக் கேப்பாங்கல்லே."

"அது பொய் சார்."

"பொய்யொந்நும் அல்ல. விழிஞ்ஞத்துல மீன் ஏலம் பாத்ததில்லையா? எல்லாரும் செய்யறதுதான்."

முடியாது என்றேன். நேர்மை என்று சொல்லிக்கொண்டால் பெருமையாகத்தான் இருக்கும். பாதி நேர்மை, பாதி எரிச்சல். பார்த்துப் பார்த்து எழுதிய கிளாஸில் இன்னொருவர் கை வைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் சிரித்துக்கொண்டு போய்விட்டார். விட்டுவிட்டார் என்றே நினைத்தேன்.

விடவில்லை. நான் ஒரு கல்யாணத்துக்கு நாகர்கோவில் போயிருந்த அன்று, பக்கத்து மேசைக்காரியை வைத்து, தோற்றவர்களுக்கு விலையைக் கூட்டிச் சொல்லும் ஒரு வரியைச் சேர்த்துவிட்டார். மின்னஞ்சல் வந்த பிறகு கிளாஸைத் திறந்து பார்த்தபோதுதான் அந்த வரியும், சேர்த்தவள் பெயரும் என் கண்ணில் பட்டன. அவள் பாறசாலைக்காரி. குழந்தை பிறந்தபின் வேலையை விட்டு, பல வருடம் வீட்டிலிருந்து, மறுபடி எங்கள் அலுவலகத்தில் பயிற்சிக்காரியாகச் சேர்ந்திருந்தாள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. கணவருக்கு விழிஞ்ஞம் துறைமுகத்தில் ஒப்பந்த வேலை. அது ஒரு மாதம் இருக்கும், ஒரு மாதம் இருக்காது. சார் செய் என்றால் இவள் எந்த வாயால் மாட்டேன் என்பாள்?

மாட்டிக்கொண்ட விதம் வேடிக்கையானது. எங்கள் ஏலத்தில் அடிக்கடி ஜெயிக்கிற ஒரு நிறுவனத்தை, அடிக்கடி தோற்கிற பெங்களூர் நிறுவனம் ஒன்று விலைக்கு வாங்கிவிட்டது. ஜெயித்தவர் கொடுத்த விலையும், தோற்றவருக்கு நாங்கள் சொன்ன விலையும் ஒரே மேசைக்குப் போயின. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் பள்ளிப் பிள்ளைக்கும் புரியும். விளக்கம் வேண்டும், அந்த கிளாஸை எழுதியவரும் பேச வேண்டும் என்று மின்னஞ்சலில் கேட்டிருந்தார்கள். மத்தியானம் வீடியோ அழைப்பு.

சார் என்னைக் கூப்பிட்டார். "ஒரு பயிற்சிக்காரி தெரியாம செஞ்ச பிழை. நான் அதைச் சொல்லும். நீங்க திருத்தியாச்சுன்னு மட்டும் சொன்னா மதி, அது போதும்."

"அவ வேலை என்ன ஆகும்?"

"அதொக்கெ நான் பாத்துக்கறேன்."

அந்தப் பதிலை நான் நம்பவில்லை. பழியை அவள் தலையில் கட்டி, பெங்களூர்க்காரர்களைச் சமாதானப்படுத்த அவளை வெளியே அனுப்பப் போகிறார் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியது என்ன, தீர்மானமே செய்துவிட்டேன். என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கக்கூட மனம் வரவில்லை.

அவள் எழுந்து வந்தாள். கண் சிவந்திருந்தது.

"அக்கா, ஒரு காரியம் சொல்லணும்."

"அழாதே. நான் பாத்துக்கிடுதேன்."

"அதில்லக்கா..."

"எல்லாம் எனக்குத் தெரியும். நீ போய் உக்காரு."

அழைப்பு தொடங்கியது. திரையில் ஒரு பெண். குரலில் கோபமே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. சார் தன் பாட்டைப் பாடினார். பிழை, பயிற்சிக்காரி, வருந்துகிறோம். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஆங்கிலத்தில் சொன்னாள்: பிழை என்றால் சில நேரம் கூடும், சில நேரம் குறையும். உங்களுடையது ஒரு தடவைகூடக் குறையவில்லையே.

சார் திரும்பி, எங்கள் பின்னால் உட்கார்ந்திருந்த பயிற்சிக்காரியைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்தபடியே, "என் தவறுதான். கணக்கைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல்..." என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். மனப்பாடம் செய்த மாதிரி இருந்தது. எனக்கு அது பயத்தில் வந்த பேச்சாகத்தான் கேட்டது.

"இல்லை," என்றேன். "அது பிழை இல்லை. விலையைக் கூட்டச் சொல்லி முதலில் என்னிடம் கேட்டார்கள். நான் மறுத்தேன். அதனால் இவளிடம் செய்யச் சொன்னார்கள். இவள் சொன்னதைச் செய்தாள்."

திரையிலிருந்த பெண் எதையோ குறித்துக்கொண்டு, உண்மையைச் சொன்னதற்கு நன்றி என்றாள். இனி எங்கள் ஏலத்தில் அவர்கள் கலந்துகொள்ள மாட்டார்கள் என்பதையும் அதே குரலில் சொன்னாள். திரை அணைந்தது. சார் என்னைத் திட்டவில்லை. நாற்காலியைச் சத்தமில்லாமல் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து போனார்.

எனக்குப் பயமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. பெருமை சற்றுக் கூடுதலாகவே இருந்தது என்று நினைக்கிறேன். சாயங்காலம் அவளோடு படி இறங்கினேன். அவள் பாறசாலை வண்டிக்குப் போகவேண்டும். ஒரு நன்றி வரும் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. ஸ்டேஷன் வாசல்வரை அவள் வாயே திறக்கவில்லை.

"ஏன் ஒண்ணும் பேசமாட்டேங்குத?" என்றேன்.

"காலையில சார் எங்கிட்ட பேசினாரு அக்கா. தப்பு எனக்கதுன்னு சொன்னா, இந்த மாசமே வேலைய நிரந்தரம் பண்ணித் தாறேன்னாரு. கடிதமும் அடிச்சு வச்சிருந்தாரு, எனக்குக் காட்டினாரு. நான் சரின்னேன்."

"பழிய ஏத்துக்கிடவா சரின்ன?"

"பழிதானே. அதைச் சுமந்துக்கிட்டுப் போயிருப்பேன். அவங்களும் பயிற்சிக்காரி தப்புன்னு விட்டிருப்பாங்க."

"விட்டிருக்கமாட்டாங்க. அவங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே."

"இருக்கலாம். எனக்குக் கடிதம் கிட்டியிருக்கும்லா."

எனக்குக் கோபம் வந்தது. அவள்மேலா, சார்மேலா, என்மேலா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. "ஒனக்காகத்தானே பேசினேன்," என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. ஆட்டோக்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

"எனக்காகப் பேசினீங்கன்னா எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்," என்றாள். சண்டை போடுகிற குரல் இல்லை. வண்டிக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

வருமானம் குறைந்தது என்று காரணம் சொல்லி அடுத்த வாரமே அவளை நிறுத்தினார்கள். என்னை நிறுத்தவில்லை. அந்த கிளாஸைத் தொடத் தெரிந்தவள் அங்கே நான் ஒருத்திதான்.