கிடா தேடி மஸ்கெலியாவிலிருந்து லிந்துலைக்கு: ஓர் ஆட்டோ, ஓர் ஆடு, 43 கிலோமீற்றர்

ஒக்டோபரில் பௌர்ணமிப் போயா விடுமுறை சனிக்கிழமையில் வந்தது. வெள்ளிக்கிழமையும் லீவு போட்டால் மூன்று நாள் கிடைக்கும். மஸ்கெலியா நீர்த்தேக்கக் கரையில் நடந்து, நாலு படம் எடுத்து, இந்தத் தளத்தில் எழுதலாம் என்பதுதான் திட்டம். வியாழன் மாலை ஆறு பத்துக்குச் சாந்தி அக்காவிடமிருந்து கோல் வந்தது. அக்கா என் பெரியம்மா மகள். மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள்.

"தம்பி, நாளைக்கு வர்றேன்னுதானே சொன்ன? வெள்ளனவே வந்துரு. வெள்ளச்சி கிடாவுக்குக் கத்துது. லிந்துலைக்குக் கொண்டு போகணும். ஒன் மச்சானுக்கு ஃபெக்டரில லீவு இல்ல. ஆட்டப் புடிக்க ஆள் வேணும்."

படம் எடுக்கும் திட்டம் அதோடு போயிற்று.

ஆடு வளர்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பெட்டை ஆடு கிடாவுக்குக் கத்துவது ஒரு நாள், மிஞ்சினால் ஒன்றரை நாள். அதற்குள் கிடாவிடம் சேர்க்க வேண்டும். தவறினால் இன்னும் இருபத்தொரு நாள் காத்திருக்க வேண்டும். சினையானால் ஐந்து மாதத்தில் குட்டி. அக்காவின் கணக்கு முழுக்க இந்த ஐந்து மாதத்தில்தான் இருந்தது. போன ஜூன் மாதம் வெள்ளச்சி போட்ட இரண்டு குட்டிகளும் நாலு நாள்கூட இருக்கவில்லை. மழைக் குளிர் கொன்றுவிட்டது என்று அக்கா எல்லோரிடமும் சொன்னாள், என்னிடமும் சொன்னாள். அதனால் இந்தத் தடவை குட்டிகள் வெயில் காலத்தில்தான் பிறக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தாள். இப்போது சேர்த்தால் மார்ச் நடுவில் பிறக்கும், மே மாத மழைக்கு முன் கால் ஊன்றிவிடும். இருபத்தொரு நாள் தள்ளிப்போனால் ஏப்ரல். அது சரிவராது. குட்டி தங்காத ஆட்டை வைத்திருந்து என்ன பயன், விற்றுவிடலாம் என்று மச்சான் வேறு ஆரம்பித்திருந்தார். வெள்ளச்சிக்கு இது கடைசி வாய்ப்பு.

அப்படியானால் வீட்டிலேயே ஒரு கிடா நிற்கிறதே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். நிற்கிறது, கருப்பன். ஆனால் அவன் வெள்ளச்சி பெற்ற மகன். காயடித்திருக்கலாம்தான். மச்சான் மரத்திலிருந்து விழுந்து படுக்கையில் கிடந்தபோது அவனை முனியாண்டிக்கு நேர்ந்துவிட்டார்கள். சாமிக்கு விட்ட கிடாவுக்கு எந்தக் குறையும் இருக்கக் கூடாது, காயடிக்கவும் கூடாது. ஆகவே அக்கா ஒரு வழி கண்டுபிடித்தாள். கொழுந்து பறிக்கிற பெண்கள் செடி கிழிக்காமலும் நனையாமலும் இருக்க இடுப்பில் ஒரு தடித்த படங்கு கட்டுவார்கள் அல்லவா, அதில் ஒன்றை வெட்டிக் கருப்பனின் வயிற்றுக்குக் கீழே தொங்கும்படி கட்டிவிட்டாள். கிடா ஏறினாலும் காரியம் நடக்காது. சாமிக்கும் குறையில்லை. எனக்கு அந்த யோசனை மிகவும் பிடித்துப்போனது.

வெள்ளி அதிகாலை நாலரைக்குக் கொழும்பில் பஸ் ஏறினேன். ஹட்டனுக்கு 470 ரூபாய், நாலே முக்கால் மணி நேரம். கித்துல்கலையில் தேநீருக்குப் பதினைந்து நிமிடம் நிறுத்தினார்கள். எனக்குப் பொதுவாகவே பஸ் நின்றால் பொறுக்காது, அன்று கண்டக்டரை மூன்று முறை கேட்டுவிட்டேன். மூன்றாவது முறை அவர் இன்னொரு தேநீர் சொன்னார். ஹட்டனில் மஸ்கெலியா பஸ் உடனே கிடைத்தது. நூறு ரூபாய். அக்காவின் வீடு இருக்கும் லயத்து வரிசைக்குப் போய்ச் சேரும்போது மணி 10.50.

வெள்ளச்சியின் சத்தம் வளைவிலேயே கேட்டது. சும்மா கத்தல் இல்லை. மூச்சு விடாமல், வாலை விசிறிக்கொண்டு, கயிற்றை இழுத்துக்கொண்டு கத்துகிறது. அக்கா அதைவிட மோசம். உள்ளே போகிறாள், வெளியே வருகிறாள், தேநீரை ஊற்றிவிட்டு எனக்குத் தராமல் தானே குடித்தாள். கருப்பன் கொட்டகையில் படங்கோடு நின்றான். அக்கா அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

"நேத்து எப்ப கத்த ஆரம்பிச்சது?" என்று கேட்டேன்.

"சாயந்தரம். வா, ஆட்டோ வந்துருச்சு."

ஆட்டோக்காரர் பெயர் ரவி. போக வர 8,500 ரூபாய் என்று பேசியிருந்தது. பின் இருக்கைக்கு முன்னால் இரண்டு சாக்கு விரித்து, வெள்ளச்சியை எங்கள் முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்தி, 11.15க்குப் புறப்பட்டோம். ரவி கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார்.

"கல்யாணத்துக்குப் பொண்ணு அழச்சிக்கிட்டுப் போறோம், மாப்ள வீட்டுல சாப்பாடு உண்டாங்க?"

அக்கா சிரிக்கவில்லை. "வெரசா போங்க தம்பி" என்றாள். நோர்வூட் வருவதற்குள் அதையே ஐந்து முறை சொல்லிவிட்டாள்.

ஹட்டன் நெருங்கும்போது பொலிஸ் மறித்தார்கள். மறுநாள் போயா. போயாவுக்கு இறைச்சிக் கடைகள் மூடியிருக்கும், அதனால் முதல் நாள் ஆடு ஏற்றிப் போகிறவன் மீது சந்தேகம் வருவது இயல்பு. பொலிஸ்காரர் தலையை உள்ளே நீட்டி, எங்கே வெட்டப் போகிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். அக்கா அதே சிங்களத்தில், வெட்ட இல்லை ஐயா, கிடாவிடம் கொண்டு போகிறோம் என்றாள். அவர் நம்பவில்லை. அந்த நேரம் பார்த்து வெள்ளச்சி அவர் முகத்துக்கு நேராக ஒரு கத்து கத்தியது. அவரும் ஊரில் ஆடு வைத்திருப்பார் போல. தொப்பியைச் சரிசெய்துகொண்டு, மாலைக்குள் போய்விடுங்கள், பிறகு பிரயோசனமில்லை என்று கையசைத்தார். கால்நடை வைத்தியரிடம் ஒரு கடிதம் வாங்கிப் போயிருந்தால் இந்தப் பன்னிரண்டு நிமிடம் மிச்சமாகியிருக்கும்.

கொட்டகலை தாண்டியதும் பனி இறங்கியது. திம்புள்ளைப் பக்கம் இரண்டு நீர்வீழ்ச்சிகளைப் பார்க்க ஆட்கள் வாகனத்தை நிறுத்திவிட்டு வரிசையாக நின்றார்கள். நான் இரண்டையும் ஆட்டோவின் திரைச்சீலை இடுக்கில் தலா மூன்று விநாடி பார்த்தேன். தலவாக்கலையில் ஒரு வடை வாங்க இறங்கலாமா என்றேன், அக்கா என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். வெள்ளச்சி என் கால் மேல் நின்றபடி கத்திக்கொண்டே இருந்தது. கால் மரத்துப்போய்விட்டது. எனக்கு எரிச்சல்தான், ஆனால் அக்கா ஆட்டுக் கயிற்றைக் கையில் சுற்றிச் சுற்றி இறுக்குவதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். நேரம் போகிறதே என்ற பதற்றம் என்று நினைத்தேன்.

1.25க்குச் சேர்ந்தோம். லிந்துலையிலிருந்து கொஞ்சம் மேலே, சூசை அண்ணன் வீடு. ஐம்பது வயது இருக்கும். அவருடைய கிடாவைத் தேடிப் பத்துத் தோட்டத்து ஆட்கள் வருகிறார்கள். கொட்டகைச் சுவரில் சோக்கட்டியால் வரிசையாக எழுதி வைத்திருக்கிறார்: எந்தத் தோட்டம், யாருடைய ஆடு, எந்தத் தேதி. தன் கிடாவுக்குப் பிறந்த பெட்டைக் குட்டி வளர்ந்து திரும்பத் தன் கிடாவிடமே வந்துவிடக் கூடாது என்பதற்காக அந்த எழுத்து. அவரிடம் பெரிய படிப்பு ஏதும் இல்லை, அந்தச் சுவர்தான் இருக்கிறது.

கிடா கம்பிக் கதவுக்குப் பின்னால் முன்னங்காலால் தரையை உதைத்துக்கொண்டு நின்றது. வெள்ளச்சி கத்தலை நிறுத்தி வாலை ஆட்டியது. நான் கதவுக் கொண்டியில் கை வைத்துவிட்டேன்.

"பொறுங்க தம்பி" என்றார் சூசை அண்ணன். "மூணு கேள்வி கேக்காம நான் விடறதில்ல. எப்ப கத்த ஆரம்பிச்சது?"

"நேற்று சாயந்தரம்" என்றேன்.

"தீனி எடுக்குதா?"

"கொஞ்சம்."

"வேற கிடா சேந்துச்சா?"

"இல்லை. வீட்டுக் கிடாவுக்குப் படங்கு கட்டியிருக்கு" என்றேன் பெருமையாக. கொண்டியை இழுத்தேன்.

"தம்பி, கதவத் தொறக்காத" என்றாள் அக்கா.

திரும்பிப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நேத்து காலைல சரியான மழ. என் படங்கு கிழிஞ்சு போச்சு. அது இல்லாம கொழுந்து மலைக்குப் போக முடியாது. சாயந்தரம் வரைக்கும்தானேன்னு கருப்பன்கிட்ட இருந்து அவுத்துக் கட்டிக்கிட்டுப் போனேன். கொட்டகையில அடச்சிட்டுத்தான் போனேன். திரும்பி வந்து பாத்தா பலகையத் தள்ளிட்டு வெளியில நிக்கிறான். இவ பக்கத்துல வால ஆட்டிக்கிட்டு நிக்கிறா."

"நீ பார்த்தியா?" என்றேன்.

"பாக்கல. பாக்காததுனாலதான் ஒண்ணும் நடக்கலன்னு நெனச்சிக்கிட்டே வந்தேன்."

எனக்கு வந்த கோபத்தை மறைக்காமல் எழுதுகிறேன். நாலரை மணி பஸ், பொலிஸ், மரத்துப்போன கால் எல்லாம் சேர்ந்து வந்தது. "இதை மஸ்கெலியாவிலேயே சொல்லியிருக்கலாமே!" என்று கத்தினேன். "சொல்லாமலாவது இருந்திருக்கலாமே!" என்றும் கத்தினேன். இரண்டாவதைச் சொன்னதற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

"சொல்லாம இருந்தா அண்ணன் சுவத்துல எழுதிருவாரு" என்றாள். "கருப்பனோட குட்டி இவரு கிடாவோட குட்டின்னு ஆயிரும். அத நம்பி இன்னொருத்தங்க வாங்கிட்டுப் போவாங்க." சூசை அண்ணன் பக்கம் திரும்பினாள். பிறகு, "போன தடவையும் கருப்பன்தான் அண்ணே. மழன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். மழ பெய்யத்தான் செஞ்சது. ஆனா ரெண்டும் பொறக்கும்போதே தல தூக்கல. பால் குடிக்கத் தெரியல" என்றாள். சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள்.

சூசை அண்ணன் திட்டவில்லை. கொண்டியைத் தானே போட்டார்.

"மழைக்கும் செத்திருக்கலாம், ஒரே ரத்தம் சேந்ததுக்கும் செத்திருக்கலாம் தங்கச்சி. அத இப்ப யாராலயும் சொல்ல ஏலாது. இன்னைக்கு விட்டா அப்பன் யாருன்னு தெரியாமப் போயிரும், ரெண்டு கிடாவுக்கும் ஆளுக்கொரு குட்டிகூடப் பொறக்கும். இப்படியே கொண்டு போங்க. பத்து நாள் கழிச்சு அரசாங்க மாட்டு டாக்டர்கிட்ட காட்டி ஊசி போடுங்க. வயித்துல இருந்தாலும் கலஞ்சிரும். ரெண்டு மூணு நாள்ல திரும்பக் கத்தும். இருபத்தொரு நாள் தேவல்ல, பதிமூணு போதும். அதுவரைக்கும் அவன வேற வீட்டுல கட்டுங்க."

அக்கா விரலை மடித்து எண்ணினாள். மார்ச் நடு போய், மார்ச் கடைசி. மழைக்கு முன் ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் மேலே கிடைக்கும். தலையாட்டினாள்.

திரும்பி வந்த 43 கிலோமீற்றரும் வெள்ளச்சி கத்தியது. அதற்கு யார் விளக்கம் சொல்வது? ரவி ஒரு கேலியும் பேசவில்லை. தலவாக்கலையில் அவரே ஆட்டோவை நிறுத்தி மூன்று வடை வாங்கி வந்தார். அக்கா தன்னுடையதில் பாதியை ஆட்டுக்குக் கொடுத்தாள்.

லயத்து வாசலில் மச்சான் நின்றார். காரியம் ஆச்சா என்று கேட்டார். அக்கா ஆட்டோவிலிருந்து இறங்காமலே, பக்கத்து வீட்டுப் பெண்கள் கேட்க, எல்லாவற்றையும் சொன்னாள். போன தடவைக் குட்டிகளையும் சேர்த்து. மச்சான் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பக்கத்து வீட்டு ராணி அக்கா மட்டும் மெதுவாகக் கேட்டார்: "அப்ப எங்க வீட்டு ஆடு போட்ட குட்டி செத்தது? நாங்களும் மழன்னுதானே நெனச்சோம். அந்த ஆடும் கருப்பனோட கூடப் பொறந்ததுதானே?" கருப்பன் சாமிக்கு விட்ட கிடா, படங்கு கட்டும்வரை அவன் போகாத வீடு அந்த லயத்தில் இல்லை.

ஊசி பத்தாம் நாள் போட்டார்கள். பதிமூன்றாம் நாள் காலையில் வெள்ளச்சி கத்தியது. இந்தத் தடவை மச்சான் லீவு போட்டுவிட்டு அக்காவோடு போனார். எனக்குப் படம் அனுப்பினார்கள்: சூசை அண்ணனின் சுவர், அதில் மஸ்கெலியா, வெள்ளச்சி, தேதி. இப்போது ஜனவரி. வெள்ளச்சியின் வயிறு இறங்கியிருக்கிறதாம். மார்ச் முடியும் வரை எனக்கு இருப்புக்கொள்ளாது. வாரம் இரண்டு முறை கோல் எடுத்து அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறேன்.

அந்த லயத்தில் இன்னும் நாலு வீட்டுக்காரர்கள் லிந்துலைக்குப் போக வழி கேட்கிறார்கள். ராணி அக்காதான் முதல் ஆள். இந்தப் பதிவு உண்மையில் அவர்களுக்காகத்தான். ஆடு மாலையில் கத்த ஆரம்பித்தால் மறுநாள் காலை எட்டு மணிக்குள் புறப்படுங்கள், எங்களைப் போலப் பதினொன்றேகால் ஆக்காதீர்கள். ஆட்டோவில் இரண்டு மணி பத்து நிமிடம், பொலிஸ் நேரம் அதில் அடக்கம். கால்நடை வைத்தியரின் கடிதம் கையில் இருக்கட்டும், போயாவுக்கு முதல் நாள் கட்டாயம். இரண்டு சாக்கும் குடிக்கத் தண்ணீரும் போதும், வழியில் தீனி வேண்டாம், வடையும் வேண்டாம். கூட ஒரு ஆள் ஆட்டைப் பிடிக்க வரட்டும். ஆனால் சூசை அண்ணன் மூன்றாவது கேள்வியைக் கேட்கும்போது கூட வந்தவரைப் பேச விடாதீர்கள். வீட்டில் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது. நீங்களே பதில் சொல்லுங்கள்.