வகுப்புக்கு முன் வரவேற்புரை

ரவாங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். மேற்பார்வையாளர் பதவி வேண்டுமானால் பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மின் மலாய்த் தாளில் தேர்ச்சி வேண்டும் என்றார்கள். பள்ளியில் அதில்தான் கோட்டை விட்டிருந்தேன். அதனால் நாற்பத்தாறு வயதில், பிரிக்பீல்ட்ஸில் ஒரு சங்கம் நடத்திய மாலை வகுப்பில் சேர்ந்தேன். சேர்ந்த கையோடு கொரோனா வந்து ஊரையே அடைத்துவிட்டது.

சங்கம் வகுப்பை இணையத்துக்கு மாற்றியது. பாராட்ட வேண்டியதுதான். ஆனால் விழா எடுக்காமல் நம் ஆட்களுக்கு எதைத் தொடங்க வரும்? முதல் நாள் சங்கத் தலைவர் தன் வீட்டுக் கூடத்தில், கழுத்தில் மாலையோடு குத்துவிளக்கு ஏற்றினார். நடமாட்டக் கட்டுப்பாட்டில் மாலை எங்கே கிடைத்ததோ! கடவுள் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, பிறகு சிறப்புரை. எங்களுடையது இலவச இணைப்பு; நாற்பது நிமிடத்தில் தானாக அறுந்துவிடும். சிறப்பு விருந்தினர் கல்வியின் அருமையைப் பற்றிப் பேச வாயெடுத்தபோது திரை இருண்டது.

எல்லோரும் மறுபடி உள்ளே வந்தோம். இனி பாடம்தான் என்று பேனாவை எடுத்தேன். தலைவர் தொண்டையைச் செருமினார்.

“சபை மரியாதைன்னு ஒன்னு இருக்கு. மறுபடி கடவுள் வாழ்த்துலேர்ந்தே ஆரம்பிப்போம்.”

வாரா வாரம் இதே கூத்து. வீட்டில் பொழுது போகாத பிரமுகர்கள் கிள்ளானிலும் அம்பாங்கிலும் அத்தனை பேர் இருந்தார்கள். ஆசிரியை கடைசியில் வந்து, “இன்னிக்கு கட்டுரை எப்படி எழுதறதுன்னா...” என்பார். இணைப்பு போய்விடும்.

பரீட்சையில் தோற்றேன். பதவி வேறொருத்திக்குப் போனது. தொழிற்சாலைக் கழிவறையில் நின்று அழுதேன். அவமானத்தைவிட ஆத்திரம்தான் அதிகம்.

அந்த வாரமே தலைவர் போன் செய்தார்.

“வகுப்பு வெற்றி விழா வைக்கிறோம்மா, ஆன்லைன்லதான். நீங்க நன்றியுரை சொல்லணும்.”

“நான் பெயிலு, தலைவரே.”

“அதனால என்ன லா? நன்றி சொல்றதுக்குப் பாஸ் பண்ணணுமா?”

சரி என்றேன்.

விழாவுக்கு மட்டும் காசு கட்டி, அறுபடாத இணைப்பு வாங்கியிருந்தார்கள். எல்லோரும் பேசி முடித்தபின் என்னை அழைத்தார்கள். ஆசிரியை திரையின் ஒரு மூலையில் இருந்தார்.

“டீச்சர்,” என்றேன், “கட்டுரை எப்படி எழுதறதுன்னு இப்ப சொல்லுங்க. இது எனக்குக் கொடுத்த நேரம். யாரும் குறுக்க பேசாதீங்க.”

ஆசிரியை சற்றுத் திகைத்தார். பிறகு பாடத்தை ஆரம்பித்தார். நான் எழுதிக்கொண்டேன். தலைவரும் வேறு வழியில்லாமல் உட்கார்ந்து கேட்டார்.