வெளியே வந்த நேரம்

பேய், பிசாசு, ஆவி எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முழுதும் கேட்ட பிறகு நீங்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பீர்கள். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவள்தான், ஜெபமாலை சொல்கிறவள்தான், ஆனால் இருபத்திரண்டு வருஷமாகக் கணக்கு டீச்சர். எங்கள் சாந்தோம் தெருவில் யாருக்காவது காத்து கருப்பு பட்டுவிட்டது என்றால், முதலில் சர்க்கரை டெஸ்ட் எடு என்று சொல்கிற ஆள் நான்.

சரோஜாவைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. எங்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். வீடு ராயப்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால், பேச்சும் அசல் ராயப்பேட்டை. கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். இரண்டு சின்ன ஊதல், ஒரு நீள ஊதல் ஊதினால் 'இருக்கிற இடத்திலேயே நில்லு, நான் வரேன்' என்று அர்த்தம், மைதானம் முழுக்க அப்படியே நிற்கும். காலை எட்டு நாற்பதுக்கு ஆசிரியர் வருகைப் பதிவேடு தலைமையாசிரியை சிஸ்டர் அறைக்குள் போய்விடும், இவளுடைய பஸ் எட்டு நாற்பத்தைந்துக்குத்தான் வரும். என் வீடு பக்கத்தில். அதனால் பதினெட்டு வருஷமாக வாரத்தில் இரண்டு நாளாவது அவள் கையெழுத்தை நான்தான் போட்டு வந்தேன். தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். விரல் வைக்கிற மிஷின் ஒன்று வாங்கினார்கள், அது ஒரே மழைக்காலத்தில் படுத்துவிட்டது, மறுபடி நோட்டுதான்.

அவள் கையெழுத்துக்குக் கீழே ஒரு கோடு இழுப்பாள். நான் போட்டால் மட்டும் இரண்டு கோடு விழுந்துவிடும். விடைக்குக் கீழே இரண்டு கோடு போட்டுப் போட்டு வந்த கை, எத்தனை முயன்றும் ஒன்றோடு நிற்காது. அவள் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பாள். "இன்னா மெர்சி, என் கையெழுத்து இன்னா நீ போட்ட கணக்கா? ஒரு கோடுடி. ஒண்ணே ஒண்ணு. என்னிக்காச்சும் மாட்டிக்கினா இத்தாலதான் மாட்டுவ." சிஸ்டர் ஒருநாளும் கவனித்ததில்லை.

கோடியக்கரைக்குப் போக வேண்டும் என்று ஆரம்பித்தவளே அவள்தான். கடலை ஒட்டிய காடு, வெளிமான், பூநாரை என்று மூன்று வருஷம் எங்கள் உயிரை எடுத்து, கிறிஸ்துமஸ் விடுமுறையில் வேன் பேசி, வனத்துறை விடுதியில் அறை கேட்டு, எல்லாம் அவள் ஏற்பாடு. கடைசியில் அவளுக்குக் கர்ப்பப்பையை எடுத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். டீச்சர் வேலை பார்க்கிறவர்களுக்குத் தெரியும், ஆபரேஷன் என்றாலும் லீவில்தான் வைத்துக்கொள்வோம். ஆழ்வார்பேட்டையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் பயணத்துக்குக் குறித்த அதே நாள் கிடைத்தது. நான் போகவில்லை என்றேன், அவள் விடவில்லை. "நீ போய்ட்டு வா. நானும் வந்த மாரி நென்ச்சுக்கோ," என்றாள். சொல்லும்போது கண் கலங்கியது, அவள் கலங்கி நான் பார்த்ததே இல்லை.

நாங்கள் ஐந்து டீச்சர்கள் விடியற்காலை போய்ச் சேர்ந்தோம். ஓட்டுக் கூரை, கயிற்றுக் கட்டில், ஜன்னலுக்குப் பாதிக் கதவு. விடுதி என்று சொல்ல மனசு வராத விடுதி, ஆனால் சுற்றிலும் காடு, தூரத்தில் கடல் சத்தம். குளித்து இட்லி சாப்பிட்டுவிட்டு நடைபாதை ஆரம்பிக்கிற கேட்டுக்குப் போனபோது மணி பத்து. அந்த நேரத்துக்குத்தான் சரோஜாவை தியேட்டருக்குள் கொண்டு போவார்கள் என்று அவள் வீட்டுக்காரர் குமார் சொல்லியிருந்தார்.

கேட்டில் ஒரு நீள நோட்டு. பெயர், உள்ளே போன நேரம், கையெழுத்து, வெளியே வந்த நேரம், மறுபடி கையெழுத்து. வாட்ச்சர் மாரிமுத்து பேனாவைக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். நாங்கள் ஐந்து பேரும் போட்டோம். பேனா கையில் இருந்தது, நோட்டு முன்னால் இருந்தது, பதினெட்டு வருஷப் பழக்கம். ஆறாவது வரியில் சரோஜா என்று எழுதி, அவள் கையெழுத்தையும் போட்டுவிட்டேன். கீழே இரண்டு கோடு. ஜெசிந்தா டீச்சர் எட்டிப் பார்த்து, "இங்கயும் ப்ராக்ஸியா?" என்று கேட்க, எல்லோரும் சிரித்தோம்.

காட்டுக்குள் வெயில் தெரியவில்லை. பாலை மரங்கள் தலைக்கு மேல் கூடாரம் போட்டிருந்தன, காலடியில் கடல் மணல். நன்றாகத்தான் நடந்தோம், ஆனால் கடைசியில் வந்த ஜெசிந்தா அடிக்கடி திரும்பிப் பார்த்தாள். என்ன என்று கேட்டால், "யாரோ வர்ற மாதிரியே இருக்கு," என்றாள். வெளிமானாக இருக்கும் என்று நான் அதட்டினேன். கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. சின்னதாக இரண்டு, நீளமாக ஒன்று. ஐந்து பேரும் ஒரே நேரத்தில் நின்றோம், பள்ளிக்கூடத்தில் நின்று பழகிய கால்கள் அல்லவா. பறவை என்று நான் சொன்னேன். மணி அப்போது பத்தே முக்கால் இருக்கும். அதற்குப் பிறகு யாருக்கும் சிரிப்பு வரவில்லை, பசி என்று சாக்குச் சொல்லி வேகமாக நடந்து வெளியே வந்தோம். அவசரத்தில் ஐந்து பேர் கையெழுத்து மட்டும் போட்டோம். ஆறாவது வரி எனக்கு ஞாபகமே இல்லை.

விடுதியில் போனுக்கு சிக்னல் எடுக்காது. நாலு மணிக்குக் கலங்கரை விளக்கம் பக்கம் நடந்து போய் குமாரைப் பிடித்தேன். "பதினொரு மணிக்கே நல்லபடியா முடிஞ்சிச்சுக்கா. ஆனா இன்னும் கண்ணத் தொறக்கல. டாக்டருங்க எல்லாம் சரியாத்தான் கீதுன்றாங்க. அப்பறம் ஏன்க்கா முழிக்கல?" என்று அழுதார். மயக்க மருந்து சிலருக்கு மெதுவாகத்தான் தெளியும் என்று நான் தைரியம் சொன்னேன். போனை வைத்ததும் விடுதிக்கு ஓடினேன். வேனைத் திருப்பச் சொன்னேன். டிரைவர் ராத்திரி முழுக்க ஓட்டியவர், விடிந்துதான் எடுப்பேன் என்றார், அவரைக் குறை சொல்ல முடியாது.

ஆறு மணி தாண்டி மாரிமுத்து நோட்டோடு விடுதிக்கே வந்தார்.

"டீச்சர், ஆறு பேரு உள்ள போயிருக்கீங்க. அஞ்சு பேருதான் வெளியில வந்திருக்கீங்க. இன்னொரு டீச்சர் எங்க?"

நான் உண்மையைச் சொன்னேன். அந்த டீச்சர் வரவே இல்லை, விளையாட்டுக்கு எழுதினேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் காட்டுப் பக்கம் திரும்பினார்.

"அப்ப மத்தியானத்துலேருந்து உள்ளாற விசில் அடிக்கிறது யாரு டீச்சர்?"

எப்படி அடிக்கிறது என்று கேட்டேன். உதட்டைக் குவித்து அடித்துக் காட்டினார். சின்னதாக இரண்டு, நீளமாக ஒன்று. நம்பினால் நம்புங்கள், நாங்கள் ஐந்து பேரும் அவரிடம் விசில் என்ற பேச்சையே எடுத்ததில்லை.

நோட்டைப் பிடுங்காத குறையாக வாங்கி, இப்போதே கையெழுத்துப் போட்டுவிடுகிறேன் என்றேன். அவர் விடவில்லை. "இங்க உக்காந்து போட்டா செல்லாது டீச்சர். ஆளு கேட்டுக்கு வெளியில வர்றப்பதான் போடணும். இப்ப பூட்டியாச்சு, காலையில வாங்க," என்றார். நாலு பேருடன் டார்ச் எடுத்துக்கொண்டு தேடப் போனார். யாரும் கிடைக்கவில்லை. அன்று நான் தூங்கவில்லை. ஜெபமாலை உருட்டினால் எண்ணிக்கை தவறிக்கொண்டே இருந்தது, ஐம்பத்து மூன்று மணிகளைக் கூட என்னால் சரியாக எண்ண முடியவில்லை. அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தவள் நான் என்று மட்டும் தோன்றிக்கொண்டே இருந்தது.

காலை ஆறேகாலுக்கு கேட் திறந்தார்கள். ஜெசிந்தாவும் கூட வந்தாள். கேட்டுக்கு முன்னால் நின்றேன். வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. காட்டைப் பார்த்துக் கூப்பிட்டேன். "சரோ, வாடி. பெல் அடிச்சிட்டாங்க."

ஒன்றும் நடக்கவில்லை. ஒரு இலை அசையவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, நோட்டில் ஆறு இருபது என்று எழுதி அவள் கையெழுத்தைப் போட்டேன். மாரிமுத்து வாங்கிப் பார்த்து, தலையை ஆட்டி மூடினார். ரேஞ்சர் கேட்டால் பேச வேண்டும் என்று என் நம்பரை வாங்கிக்கொண்டு அவருடையதையும் கொடுத்தார்.

வேன் வேதாரண்யம் தாண்டும்போது குமார் போன். சரோஜா கண்ணைத் திறந்துவிட்டாள். எத்தனை மணிக்கு என்று கேட்டேன். ஆறரைக்குக் கொஞ்சம் முன்னால் என்றார். "முழிச்சதும் இன்னா கேட்டா தெரியுமாக்கா? பெல் அடிச்சிட்டாங்களான்னு கேட்டா. ஸ்கூல் நெனப்பு பாருங்க." வேனிலேயே நான் அழுதேன், சந்தோஷத்தில்தான் அழுதேன் என்று அன்றைக்கு நினைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து அவள் பள்ளிக்கு வந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள், மற்றபடி அதே ஆள், அதே சிரிப்பு, கழுத்தில் அதே விசில். அன்று சீக்கிரமே வந்து, தானே பேனாவை வாங்கி நோட்டில் கையெழுத்துப் போட்டாள். நான் பக்கத்தில் நின்றேன். கீழே இரண்டு கோடு.

"இன்னாடி இது, ரெண்டு கோடு?" என்று கேட்டேன். என்னைக் கிண்டல் செய்கிறாள் என்று நினைத்தேன்.

அவள் புரியாமல் பார்த்தாள். "இன்னா மெர்சி, எப்பவும் இப்டித்தான போடுவேன்."

ஒரு கோடு என்று பதினெட்டு வருஷம் அவள் சிரித்ததை எடுத்துச் சொன்னேன். அவளுக்கு ஞாபகம் இல்லை. பாங்கில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள், மயக்க மருந்தின் வேலை என்று குமார் சிரிக்கிறார். இருக்கலாம். நான் கணக்கு டீச்சர், அதைத்தான் நானும் சொல்ல வேண்டும். அவள் என்னோடு சாப்பிடுகிறாள், என் மேல் உயிராக இருக்கிறாள், எனக்கும் அவள் வேண்டும். ஆனால் அன்று கேட்டில் நான் வெளியே கூப்பிட்டு, கையெழுத்துப் போட்டு அழைத்து வந்தது இரண்டு கோட்டுக்காரியை. அந்தக் கையெழுத்தில் இருந்தது அவள் இல்லை, நான் போட்டு வைத்தவள்.

மாரிமுத்துவின் நம்பர் இன்னும் என் போனில் இருக்கிறது. காட்டுக்குள் இப்போதும் விசில் சத்தம் கேட்கிறதா என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும். பல தடவை நம்பரை எடுத்துப் பார்த்திருக்கிறேன். இதுவரை கேட்கவில்லை.