கோவில் அண்டாவில் வேகாத கடலை

போன வாரம் ஒரு மத்தியானம் முழுக்கக் கொண்டைக்கடலையைத் திட்டிக்கொண்டிருந்தேன். வாய்விட்டுத்தான். பின்கட்டில் யாரும் இல்லை என்ற தைரியம்.

முதல் நாளே ஊறப்போட்ட கடலை. காலைப் பலகாரம் முடிந்த கையோடு அடுப்பில் ஏற்றியாயிற்று. தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது. கரண்டியில் ஒன்றை எடுத்து, ஊதி, விரலுக்கு நடுவில் வைத்து அழுத்தினால்... நழுவி ஓடுகிறது! இன்னொன்றைக் கடித்தேன். கடக்! உடைந்தது கடலையா பல்லா என்று சந்தேகமே வந்துவிட்டது.

கடலை வேகாவிட்டால் போகட்டும், இட்லி மாவு இருக்குமே என்கிறீர்களா? வீட்டுச் சாப்பாடு என்றால் நானும் அப்படித்தான் விட்டிருப்பேன். இது வேறு. சொல்கிறேன்.

புதுக்கோட்டையில் எங்கள் தெரு முனையில் ஒரு பிள்ளையார் கோவில் இருக்கிறது. சின்னக் கோவில்தான். மாதாமாதம் சங்கடஹர சதுர்த்திக்குச் சாயங்காலம் பூஜை, பிரசாதம் கொண்டைக்கடலைச் சுண்டல். ஒவ்வொரு மாதமும் ஒரு வீட்டு முறை. கோவிலுக்கென்று ஒரு பித்தளை அண்டா உண்டு. போன மாத வீட்டிலிருந்து இந்த மாத வீட்டுக்கு அது வந்துவிடும். அதில்தான் வேக வைக்க வேண்டும். வீட்டுக் குக்கர் கூடாது — கறி வேகிற குக்கராம். நியாயம்தான். என் குக்கர் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகளைப் பார்த்தது என்று எனக்குத்தானே தெரியும்?

கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்ததிலிருந்து எங்கள் முறைக்குக் கடலை வேக வைத்தது நான்தான். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு அண்டா முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் தேங்காய் துருவித் தருவார். வேலை அவ்வளவுதான். ஆனால் சுண்டலே அவர் செய்த மாதிரி தெருவெல்லாம் பேசிவிட்டு வருவார்.

இந்த இதழில் என் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு அவர் இறந்துபோனது தெரியும். அப்போது எங்கள் முறையைத் தாண்டி அண்டா அடுத்த வீட்டுக்குப் போயிற்று. வருஷம் திரும்பும்வரை கோவில் காரியம் செய்யக்கூடாது என்பது வழக்கம். சரி என்றேன். எனக்கும் அப்போது எழுந்து நடக்கவே மனசில்லை.

இப்போது வருஷம் திரும்பிவிட்டது. திதி கொடுத்தாயிற்று. முறையும் வந்தது. அண்டா வரவில்லை. சொர்ணத்தக்கா வந்தார்.

சொர்ணத்தக்கா எங்கள் தெருவின் மூத்த மனுஷி. அவர் தலையசைக்காமல் கோவிலில் ஒரு காரியம் நடக்காது. கெட்டவர் என்று எழுதிவிட முடியாது. என் வீட்டில் துக்கம் நடந்தபோது வேளாவேளைக்குச் சாப்பாடு அனுப்பியவர். அன்றைக்கு நாற்காலி நுனியில் உட்கார்ந்து, முந்தானையைத் திருகிக்கொண்டே ஆரம்பித்தார்.

“டீச்சர், நீங்க செரமப்பட வேணாம். ஒங்க முறைய விடச் சொல்லல. காசு மட்டும் குடுத்துருங்க. ஒங்க மாடியில குடியிருக்குற மல்லிகா வேக வச்சுத் தரட்டும்.”

“ஏன்க்கா, என் கை நல்லாத்தானே இருக்கு?”

“அதுக்கில்ல... படிச்சவங்க, ஒங்களுக்குத் தெரியாததா? சாமி காரியம். சுமங்கலி கை பட்டா நல்லாருக்கும்னு நாலு பேரு நெனைக்கிறாங்க.”

யார் அந்த நாலு பேர்? எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். எல்லாவற்றையும் நினைக்கிறார்கள். பெயர் கேட்டால் மட்டும் ஒருத்தரும் அகப்பட மாட்டார்கள்.

விஷயம் இதுதான், பாருங்கள். என் காசுக்குப் பொட்டு தேவையில்லை. கைக்குத்தான் தேவை. காசு கோவிலுக்குள் தாராளமாகப் போகலாம், கை வெளியே நிற்க வேண்டும்! எனக்குச் சுர்ரென்று ஏறியது. இதற்கு ஒரு தடவை தலையாட்டிவிட்டால் அப்புறம் அந்த அண்டா என் வீட்டுப் படி ஏறவே ஏறாது. அதோடு நின்றுவிடுமா? நாளைக்கு என் மகள் வளைகாப்பில் என்னையே ஓரமாக நிற்கச் சொல்வார்கள். நானும் நிற்பேன், பழகியிருக்கும்.

“அக்கா, வருஷம் திரும்பட்டும்னு சொன்னீங்க. திரும்பிருச்சு. கடலைய நான்தான் வேக வைப்பேன்.”

“கோவிச்சுக்காதீங்க டீச்சர்...”

“கோவந்தான்க்கா” என்றேன்.

சாயங்காலம் மல்லிகா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். ஆவுடையார்கோவில் பக்கத்துப் பெண். கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை.

“டீச்சர், அந்தம்மா எங்கிட்டயும் கேட்டாங்க. நீங்க இருக்கயில நான் எதுக்கு வைக்கணும்னு சொல்லிட்டேன்.”

“சுமங்கலி கைதான் வேணுமாம்ல?”

“க்கும்... நான் பொட்டு வச்சிருக்கேனா இல்லையான்னு அவருக்கே வீடியோ கால்ல பாத்தாத்தான் தெரியும்.”

சதுர்த்திக்கு முதல் நாள், போன மாத முறைக்காரர் வீட்டுக்கு நானே கிளம்பிப் போனேன். மளிகைக்கடைக்காரர் வீடு. அவர் மனைவி என்னைப் பார்த்தார், உள்ளே பார்த்தார், தெருவைப் பார்த்தார்.

“சொர்ணத்தக்கா ஒண்ணும் சொல்லலையே டீச்சர்...”

“அண்டா பிள்ளையாரோடது. முறை எங்களோடது. எடுத்துக் குடுங்க.”

கொடுத்துவிட்டார். இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடந்தேன். ஓரமாக இல்லை... தெரு நடுவில். ஒரு டூவீலர் ஹாரன் அடித்தது. அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்படிச் சண்டை போட்டு வாங்கி வந்த அண்டாவில்தான் கடலை வேகவில்லை! இப்போது புரிகிறதா, நான் ஏன் திட்டினேன் என்று?

இந்த மாதிரிச் செய்தி எப்படித்தான் பரவுமோ. பின்சுவருக்கு மேலே ஒரு தலை தெரிந்து மறைந்தது. இன்னொரு தலை, “இன்னுமா டீச்சர்?” என்று கேட்டுவிட்டே மறைந்தது. கடைசியில் சொர்ணத்தக்காவே வந்துவிட்டார். அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தார். அதற்கு மேல் என் முகத்தைப் பார்க்கவில்லை.

“நான் ஒண்ணும் சொல்லல டீச்சர். பிள்ளையாரு மனசுல என்ன இருக்கோ... இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. அங்கிட்டு எங்க வீட்லயும் கடலை ஊறப்போட்டுத்தான் வச்சிருக்கேன்.”

கவனித்தீர்களா? முதல் நாளே ஊறப்போட்டு வைத்திருக்கிறார். என் கடலை வேகாது என்று அவ்வளவு நம்பிக்கை!

அவர் போன பிறகு நடந்ததையும் எழுதிவிடுகிறேன். கொதிநிலை, அழுத்தம் என்று வகுப்பு வகுப்பாகப் பாடம் நடத்தியவள் நான். அந்த ஆவிக்கு முன்னால் ஒரு நிமிஷம் நானும் நம்பிவிட்டேன். நிஜமாகவே என் கைதானோ காரணம்? கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அழுகை வந்துவிட்டது. வாசலில் வந்து பேசுகிற சொர்ணத்தக்காவோடு சண்டை போட்டுவிடலாம். நமக்குள்ளே ஒரு சொர்ணத்தக்கா உட்கார்ந்திருக்கிறாரே, அவரை என்ன செய்வது?

அழுது முடித்ததும் கோபம் வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, பொங்கி வழிந்த நுரையைத் துணியால் வழித்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. அண்டாவின் உள்பக்கம், தண்ணீர் வற்றி இறங்கிய இடத்தில், சுண்ணாம்பு பூசியது போல ஒரு வெள்ளைக் கோடு.

போர் தண்ணீர்!

காவிரித் தண்ணீர் குழாயில் வந்து நாலைந்து நாளாகிவிட்டது. டிரம்மின் அடியில் கிடந்ததைக் குடிக்க வைத்துக்கொண்டு, கடலையைப் போர் தண்ணீரில் ஊறப்போட்டிருக்கிறேன். அதிலேயே அடுப்பிலும் ஏற்றியிருக்கிறேன். அண்டாவை வாங்கிய ரோஷத்தில் தண்ணீரை யோசிக்கவில்லை. அந்த உப்புத் தண்ணீரில் துவரம்பருப்பே முரண்டு பிடிக்கும், கொண்டைக்கடலையா வேகும்? எங்கள் ஊரில் இது தெரியாத ஆள் கிடையாது. சொர்ணத்தக்காவுக்கும் நன்றாகத் தெரியும். அவர் வீட்டில் பருப்பு வேகவில்லை என்றால் தண்ணீரைத் திட்டுவார். என் வீட்டில் வேகவில்லை என்றால் மட்டும் பிள்ளையார் மனசு!

அடுப்பை அணைத்துவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். முதல் வீட்டில், “எங்களுக்கே இல்ல டீச்சர்.” அடுத்த வீட்டில் கதவே திறக்கவில்லை, உள்ளே டி.வி. மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி வந்தால் மல்லிகா ஒரு முழுக் குடத்தோடு மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருக்கிறாள்.

“குடிக்க என்னடி பண்ணுவ?”

“கேன் தண்ணி வாங்கிக்கிறேன் டீச்சர். மொதல்ல ஊத்துங்க.”

கொஞ்ச நேரத்தில் பின்சுவர் மேல் ஒரு வாளி வந்து உட்கார்ந்தது. பாதி வாளி காவிரித் தண்ணீர். கொண்டுவந்த ஆளைக் காணோம். மளிகைக்கடை வீட்டு வாளி அது, எனக்குத் தெரியாதா?

போர் தண்ணீரை வடித்துக் கொட்டினேன். கடலையை அலசினேன். புதுத் தண்ணீரைத் தனியாகக் கொதிக்க வைத்து, சூடாகவே ஊற்றினேன். பச்சைத் தண்ணீரை ஊற்றினால் வேகிற கடலையும் விறைத்துக்கொள்ளும். “ஒரு சிட்டிகை ஆப்பசோடா போடலாமா டீச்சர்?” என்றாள் மல்லிகா. வேண்டாம் என்றேன். தோல் கழன்று கூழாகிவிடும். நாளைக்கு அதற்கும் ஒரு சகுனம் சொல்வார்கள்! மூடி போட்டு, தீயைக் குறைத்துவிட்டு, எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அசையவில்லை. வேகிற வரைக்கும் நான் எழுந்திருக்கப் போவதில்லை என்று கடலையிடமும் சொல்லிவிட்டேன்.

வெயில் இறங்கும் நேரத்தில் ஒன்றை எடுத்து விரலில் வைத்து அழுத்தினேன். மெத்தென்று நசுங்கியது. இன்னொன்றை அழுத்தினேன். அதுவும் நசுங்கியது. மல்லிகாவின் கையிலும் ஒன்றை வைத்து அழுத்தச் சொன்னேன். இரண்டு பேரும் பைத்தியம் மாதிரி சிரித்தோம்.

அப்புறம் உப்பு, வடிப்பு, தாளிப்பு — கடுகு, வரமிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை. தேங்காயை நானே துருவினேன். அந்த இடத்தில் மட்டும் கை கொஞ்சம் தயங்கியது. பக்கத்தில் அவர் உட்கார்ந்து வளவளவென்று பேசுகிற நேரம் அது.

அண்டாவை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு கோவிலுக்குப் போனோம். பூசாரி யார் வேக வைத்தது என்று கேட்கவில்லை. வாங்கி வைத்தார், பூஜை முடித்தார், விநியோகம் பண்ணச் சொன்னார். நானே கரண்டியைப் பிடித்தேன். பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு வந்தன. பெரியவர்கள் முதலில் தள்ளித்தான் நின்றார்கள். சுண்டல் மணம் தூக்க, ஒவ்வொருவராகத் தொன்னையை நீட்டினார்கள்.

சொர்ணத்தக்காவும் வாங்கினார். ஒரு கடலையை வாயில் போட்டு மெதுவாக மென்றார். முகம் மலர்ந்தது. எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: “சாமி மனசு எறங்கிருச்சு டீச்சர். ஒங்க கடலைய ஏத்துக்கிட்டாரு!”

நல்ல மனசோடுதான் சொன்னார். சமாதானக் கொடி. நான் ஒரு கும்பிடு போட்டுவிட்டுச் சும்மா இருந்திருந்தால் எல்லாம் சுமுகமாக முடிந்திருக்கும். ஆனால் பாருங்கள்... இன்றைக்குச் சாமி மனசு இறங்கியது என்று ஒப்புக்கொண்டால், வேறொரு நாள் இறங்கவில்லை என்று சொல்லவும் அவருக்கு உரிமை கொடுத்த மாதிரி ஆகாதா?

“அக்கா, சாமி மத்தியானமும் ஒண்ணும் சொல்லல, இப்பவும் ஒண்ணும் சொல்லல. போர் தண்ணியில வேகல, காவிரித் தண்ணியில வெந்துச்சு. நாள் பூரா அடுப்புகிட்ட உக்காந்து வேக வச்சது நானு. எங்க வீட்டு அடுத்த முறைக்கும் நான்தான் வைப்பேன்.”

மல்லிகா என் புடவையைப் பிடித்து இழுத்தாள். பூசாரி விளக்கைத் தூண்டுகிற மாதிரி திரும்பிக்கொண்டார்.

சொர்ணத்தக்கா என்னைப் பார்த்தார். தொன்னையைப் பார்த்தார். காலி. அதை மறுபடியும் நீட்டினார்.

போட்டேன். என் கையால்தான்.