கொம்பு ஒட்டும் விரல்கள்

எங்கள் பாலர் பள்ளியில் ஓனி வேஷம் யாருக்கு என்று யாரும் கேட்பதில்லை. பிப்ரவரியில் கெட்டதை விரட்டும் செட்சுபுன் பண்டிகை வந்தால் அந்தக் கொம்பரக்கன் சவாகோ டீச்சர்தான். "உங்களுக்கு முகமூடியே வேண்டாமே!" என்று தலைமையாசிரியர் இச்சிமுரா ஒருமுறை சொல்ல, எல்லோரோடும் அவளும் சிரித்தாள். அடுப்படிக்கு வந்து என்னிடம் சொன்னபோது சிரிக்கவில்லை. நான் அங்கே சமையல்காரி. வாய் கொஞ்சம் நீளம், மற்றபடி குறையில்லை.

சவாகோ கறார்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். மார்ச்சில் காகிதப் பொம்மை, மே மாதம் துணியில் கெண்டை மீன், ஜூலையில் வேண்டுதல் எழுதி மூங்கில் கிளையில் கட்ட வண்ணச் சீட்டு. எதுவானாலும் பிள்ளைகள் கோணலாக ஒட்டினால் பிய்த்து மறுபடி ஒட்ட வேண்டும். பசைக் கையைச் சட்டையில் துடைத்த பிள்ளை தொலைந்தது. பெற்றோர் சிலர் முணுமுணுத்தார்கள். ஜனவரியில் இச்சிமுரா அவளைக் கூப்பிட்டார்.

"ஏப்ரல்லேருந்து ஆபீஸ் வேலையப் பாத்துக்கங்க டீச்சர். பிள்ளைங்க உங்களப் பாத்தாலே பயப்படுதுங்க. செட்சுபுன் முடியட்டும், அறிவிச்சிடலாம்."

"பயப்படுதுங்களாம்," என்றாள் என்னிடம். "பிள்ளைங்கள விட்டா எனக்கு வேற என்னடி தெரியும்?" அந்த ஆளுக்கு அன்று சூப்பில் உப்பைக் குறைத்துப் போட்டேன்.

செட்சுபுன் அன்று, ஒவ்வொரு பிள்ளையும் தனக்குள் இருக்கும் ஓனிக்கு முகமூடி செய்திருந்தது. அழுமூஞ்சி ஓனி, காரட் தின்னாத ஓனி. முட்டை அட்டையில் கொம்பு. சின்னதுகள் தொண்டையில் சிக்கிக்கொள்ளும் என்று ஓனிமேல் எறியும் சோயா பீன்ஸுக்குப் பதில் செய்தித்தாள் உருண்டைகள். ஓனி அண்டாமலிருக்க வாசலில் மத்தி மீன் தலையைக் குத்திவிட்டு நான் மீதி மீனைச் சுட்டுக்கொண்டிருந்தேன்.

சவாகோ உறுமிக்கொண்டு நுழைந்தாள். "ஓனி வெளியே! நல்லது உள்ளே!" என்று பிள்ளைகள் கத்த, உருண்டைகள் பறந்தன. அவள் அலறிக்கொண்டு தோட்டத்துக்கு ஓட, கதவைச் சாத்தினார்கள். வழக்கப்படி என் அடுப்படி வழியாக வந்து, முகமூடியைக் கழற்றிவிட்டு, "அடடா, ஓனி வந்துச்சா? நான் பாக்கலையே!" என்று உள்ளே போக வேண்டும். அந்த வருஷம் கூரைப் பனி சரிந்து அடுப்படியின் பின்கதவை அடைத்துக்கொண்டது. நான் உள்ளிருந்து தள்ளுகிறேன், அசைந்தால்தானே!

"டீச்சரக் காணோம்! ஓனி தூக்கிட்டுப் போயிடுச்சு!" என்று உள்ளே ஒரே கூக்குரல். ஜன்னல் வழியே பார்த்தேன். சவாகோவிடம் அதிகம் திட்டு வாங்கும் நனோகா, காலுறையோடு பனியில் இறங்கி ஓனியின் முன்னால் நின்றாள். பின்னால் ஓடிவந்த இச்சிமுரா படியிலேயே நின்றுவிட்டார்.

"எங்க டீச்சரக் குடு."

ஓனி குரலைக் கட்டையாக்கிக்கொண்டது. "அந்தச் சிடுமூஞ்சியா? எப்பப் பாரு திட்டுவாளே, உனக்கு எதுக்கு?"

"திட்டுவாங்க. ஆனா ஒட்டுனது காயுற வரைக்கும் எங்கூடவே பிடிச்சிக்கிட்டு உக்காந்திருப்பாங்க. நீ பிடிப்பியா?" தன் முகமூடியை நீட்டினாள். ஒரு கொம்பு கழன்று தொங்கியது.

ஓனி பனியில் மண்டியிட்டது. கொம்பை நிமிர்த்தி, இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டது. விடவேயில்லை. நனோகா அந்த விரல்களைப் பார்த்தாள். பிறகு முகமூடியின் கண் ஓட்டையைப் பார்த்தாள்.

"அழாதீங்க," என்றாள் மெதுவாக. "உள்ள வாங்க. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

ஏப்ரலில் அந்த ஆபீஸ் நாற்காலிக்கு இச்சிமுரா வேறு ஆளைக் கொண்டுவந்தார்.