'காலை இழந்தார்' என்று நான் எழுதிய செய்தி

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோணலாக இருக்கும். எழுத்துப்பிழையும் நிறைய இருக்கும். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். அதன்பின் மதுரை செல்லூரில் தறிப் பட்டறைக்குப் போய்விட்டேன். அங்கே கையெழுத்துப் போடுவதைத் தவிர எழுதுகிற வேலை எதுவும் வரவில்லை. பள்ளிக்கூடத்து ஆண்டு மலருக்குப் பழைய மாணவர்கள் எழுதித் தரலாம் என்று ஊரில் சொன்னார்கள், அதனால் எழுதுகிறேன். அச்சுக்குக் கொடுப்பவர்கள் பிழைகளைத் திருத்திக்கொள்ளுங்கள். ஆனால் 'காலை இழந்தார்' என்று வருகிற இடத்தில் மட்டும் கை வைக்க வேண்டாம். அது அப்படியே இருக்க வேண்டும்.

எழுபதுகளின் நடுவில் நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். அலங்காநல்லூருக்குப் போகிற வழியில் எங்கள் ஊர். பள்ளிக்கூடத்தில் இரண்டு அறை, இரண்டு பேர் ஆசிரியர். தலைமையாசிரியர் தினமும் மதுரையிலிருந்து பஸ்ஸில் வருவார். சின்ன வகுப்புகளுக்கு ஒரு டீச்சர். மாணவர்களுக்குள் ஒரு மந்திரி சபை உண்டு. சுகாதார மந்திரி நகம் பார்ப்பான். உணவு மந்திரி மதியச் சாப்பாட்டு வரிசையைப் பார்த்துக்கொள்வான். வாய் உள்ளவர்கள் எல்லாம் நல்ல பதவிகளை எடுத்துக்கொண்டபின் மிச்சம் இருந்தது செய்தி. அது எனக்கு வந்தது. நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் எல்லோரும் கை தட்டிவிட்டார்கள்.

செய்தி மந்திரியின் வேலை, வாசலில் ரோட்டைப் பார்த்து மாட்டியிருக்கும் கரும்பலகையில் தினமும் மூன்று செய்தி எழுதுவது. உலகச் செய்தியும் நாட்டுச் செய்தியும் தலைமையாசிரியர் பஸ்ஸில் படித்த பேப்பரிலிருந்து ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பார். மூன்றாவது நம்மூர்ச் செய்தி. அதை நானே தேடிப் பிடிக்க வேண்டும். எங்கள் ஊரில் செய்தி என்று என்ன இருக்கும்? 'நேற்று மழை இல்லை' என்று ஒரு வாரத்தில் மூன்று நாள் எழுதினேன். 'மந்திரியாரே, இன்னைக்காவது மழை பெய்யுமா, இல்ல அதையும் நாளைக்குத்தான் சொல்லுவீகளா?' என்று பையன்கள் கேலி செய்வார்கள். பஸ்ஸுக்கு நிற்கிற பெரியவர்களும் பலகையைப் படித்துச் சிரித்துவிட்டுப் போவார்கள்.

அந்த மாசி மாதத்தில் ஒரு நாள் எனக்கு உண்மையான செய்தி கிடைத்தது. காலையில் டீக்கடைப் பக்கம் தண்ணீர் எடுக்கப் போனேன். முதல் பஸ்ஸில் வந்து இறங்கிய ஒருவர் கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

'மேலத்தெருக்காரரு மாடு வாடிவாசல விட்டு வெளிய வந்துச்சுல்ல, ஒரு பய தொடல. அப்படியே கூட்டத்தப் பிளந்துக்கிட்டுக் கண்மாய்ப் பக்கம் ஓடிருச்சு. இன்னும் தேடிக்கிட்டிருக்காரு மனுசன்.'

முந்தின நாள் பக்கத்து ஊரில் ஜல்லிக்கட்டு. மேலத்தெரு மாமா தன் காளையைக் கொண்டு போயிருந்தார். எங்களுக்கு உறவு இல்லை. ஆனாலும் அவரை மாமா என்றும் அவர் மனைவியை அத்தை என்றும்தான் கூப்பிடுவேன். மாமா இராத்திரி வீட்டுக்குத் தகவல் எதுவும் சொல்லி அனுப்பவில்லை என்பது எனக்குத் தெரியாது.

அன்று தலைமையாசிரியர் வரும் பஸ் வழியில் நின்றுவிட்டது. நம்மூர்ச் செய்தியை அவர் பார்த்தபிறகுதான் எழுத வேண்டும் என்பது விதி. மணி அடிக்கிற நேரம் ஆகிவிட்டது, டீச்சர் சின்னப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தார். நான் ஸ்டூல் போட்டு ஏறி மாமாவின் பெயரை எழுதி, அதன் கீழே பெரிய எழுத்தில் எழுதினேன்: 'ஜல்லிக்கட்டில் காலை இழந்தார்.'

பிரார்த்தனைக் கூட்டத்தில் வாசித்தபோது காளை என்றுதான் வாசித்தேன். நாக்குக்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை. என் குரல் முதல் வரிசைக்கு மேல் போகாது, ஆகையால் நான் எப்படி வாசித்தேன் என்பதை யாரும் கவனிக்கவும் இல்லை.

கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு பெண் அலறுவது கேட்டது. அத்தை புல்லுக்கட்டோடு வயலிலிருந்து வந்திருக்கிறார். பஸ்ஸுக்கு நின்ற ஒருவர் பலகையைப் படித்துவிட்டு, 'ஏம்மா, ஒங்க வீட்டுக்காரருக்குக் காலு போச்சாமே?' என்று கேட்டிருக்கிறார். புல்லுக்கட்டு ரோட்டிலேயே கிடந்தது. அத்தைக்குப் படிக்கத் தெரியாது. பலகையின் மேல் உள்ளங்கையை வைத்து, 'எங்க எழுதிருக்கு? எங்கய்யா எழுதிருக்கு?' என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அந்த நேரத்தில்தான் தலைமையாசிரியர் பஸ்ஸை விட்டு இறங்கினார். அவரும் பலகையைப் படித்தார். முகம் மாறியது. என்னைக் கூப்பிட்டார்.

'இது எங்கடா கிடைச்சுச்சு?'

'டீக்கடையில, சார்.'

'யாரு சொன்னா?'

'பஸ்ஸுல வந்தவரு.'

சொல்லிவிட்டுத்தான் பலகையைப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு அந்த எழுத்து தெரிந்தது. சுற்றிலும் இருபது பேர் நின்றார்கள். இருபது பேர் முன்னால் நான் அதுவரை ஒரு முழு வாக்கியம் பேசியதில்லை. அது எழுத்துப்பிழை என்று சொல்ல ஐந்து சொல் போதும். அந்த ஐந்து சொல்லும் வெளியே வரவில்லை.

அதே பஸ் அலங்காநல்லூர் போய்த் திரும்பி மதுரைக்குப் போக அரை மணி நேரம் ஆகும். ஜல்லிக்கட்டில் அடிபட்டால் மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோவார்கள். அத்தை அந்த பஸ்ஸுக்காக நின்றார். டீக்கடையில் போய்க் கேட்கலாம் என்றால் கடைக்காரர் கடையைச் சாத்திவிட்டுப் போயிருந்தார். அவருடைய தம்பி சைக்கிளை எடுத்துக்கொண்டு ஜல்லிக்கட்டு நடந்த ஊருக்கு விசாரிக்கக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

வாயால் முடியாததைக் கையால் செய்யலாம் என்று நினைத்தேன். யாரும் பார்க்காதபோது ஸ்டூலில் ஏறி, எச்சிலைத் தொட்டு 'ல'வை அழித்தேன். 'ள' எழுதிக்கொண்டிருக்கும்போதே சுகாதார மந்திரி கத்தினான்.

'சார்! செய்திய மாத்துறான் சார்!'

அத்தையின் தம்பி சைக்கிளைப் போட்டுவிட்டு வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். 'ஏன்டா மாத்துற? யாரு ஒன்னைய மாத்தச் சொன்னது?'

'காளை' என்றேன். அது எனக்கே கேட்கவில்லை.

தலைமையாசிரியருக்கு உடனே புரிந்துவிட்டது. 'அம்மா, இது எழுத்துப்பிழை. காளைய இழந்தார்னு எழுத வேண்டியதைக் காலை இழந்தார்னு எழுதியிருக்கான். வேற எழுத்து, அம்புட்டுத்தான்' என்று அத்தையிடம் சொன்னார்.

கூட்டத்தில் ஒருவர் மெதுவாகச் சொன்னது எல்லோருக்கும் கேட்டது: 'பொம்பள பதறக்கூடாதுன்னு சாரு மாத்தச் சொல்லிருக்காரு.'

அதைத்தான் அத்தை நம்பினார். எங்கள் ஊரில் கெட்ட செய்தியை அப்படித்தான் சொல்வார்கள். இறந்துபோனவரைக் கூட முதலில் மேலுக்குச் சுகமில்லை என்றுதான் சொல்லி அழைத்துப் போவார்கள். முதலில் தெரியாமல் வாயில் வந்துவிட்டதுதான் உண்மை, பிறகு திருத்திச் சொல்வது ஆறுதல்.

'சார், எனக்கு எழுத்தெல்லாம் தெரியாது' என்றார் அத்தை. 'மொதல்ல எழுதுனதுதான் நெசம். என்கிட்ட மறைக்காதீக.'

தலைமையாசிரியர் என் பக்கம் திரும்பினார். 'காளைதானடா? நிச்சயமாத்தானே?' நான் தலையைக் குனிந்துகொண்டேன். என்னைத் திட்டப் போகிறார் என்ற பயம். நான் பேசாமல் நின்றது அவரையும் சந்தேகப்பட வைத்துவிட்டது. பஸ் வந்தது. பள்ளிக்கூடத்தை டீச்சர் பொறுப்பில் விட்டுவிட்டு என் கையைப் பிடித்து ஏற்றி அவரும் ஏறினார். 'அந்தம்மா தனியாப் போகக்கூடாது. நீயும் வா, ஒன் வாயாலதான் சொல்லணும்' என்றார்.

பஸ்ஸில் அத்தை எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். காலில் செருப்பு இல்லை. சேலையில் புல் ஒட்டியிருந்தது. பாதி வழியில் திரும்பி என்னைப் பார்த்தார்.

'எந்தக் காலுய்யா?'

நான் விழித்தேன்.

'நீதான எழுதுன? எந்தக் காலு போச்சு? வலதா, இடதா?'

'சொல்லுடா' என்றார் தலைமையாசிரியர். எனக்கு உதடு ஒட்டிக்கொண்டது. அத்தை கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு முன்பக்கம் திரும்பிக்கொண்டார். என் மௌனத்தை அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்பது அந்த முதுகைப் பார்த்தாலே தெரிந்தது.

கோரிப்பாளையத்தில் இறங்கி ஆஸ்பத்திரிக்கு நடந்தோம். அத்தை ஓடினார் என்றுதான் சொல்ல வேண்டும். தலைமையாசிரியர் பெயர்ப் பதிவு பார்க்கிற இடத்தில் வரிசையில் நின்றார். 'பேரு இருக்கான்னு பாத்துட்டு வாரேன், இங்கயே இருங்க' என்றார். அத்தை இருக்கவில்லை. யாரிடமோ கேட்டு ஆண்கள் வார்டுக்குள் போய்விட்டார். நான் பின்னாலேயே போனேன்.

இருபுறமும் கட்டில். இடம் போதாமல் தரையிலும் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். அத்தை யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. ஒவ்வொரு கட்டிலிலும் கால்பக்கம் போர்வையைத் தூக்கிப் பார்த்தார். இரண்டு பாதமும் இருந்தால் போர்வையை விட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

'என்னம்மா, செருப்புக்கு அளவெடுக்க வந்தியா?' என்றார் கையில் கட்டுப் போட்டிருந்த ஒருவர். பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். அத்தைக்கு அது காதில் விழவில்லை.

வார்டின் கடைசியில் ஒருவர் துண்டால் முகத்தை மூடிப் படுத்திருந்தார். அத்தை போர்வையைத் தூக்கினார். இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. துணி சுற்றியிருந்தது.

அத்தை கத்தவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்தார். தரையில் தலை படும் சத்தம் கேட்டபோது என் வாய் தானாகத் திறந்துவிட்டது.

'அத்தே! அது மாமா இல்ல அத்தே! மாமாவுக்குக் காலு இருக்கு. காளைதான் போச்சு. வாடிவாசல்ல விட்டது கண்மாய்ப் பக்கம் ஓடிருச்சாம், மாமா தேடிக்கிட்டிருக்காராம். டீக்கடையில அதத்தான் சொன்னாக. நான் எழுதத் தெரியாம எழுதிட்டேன். நாந்தான் தப்பு. சார் மறைக்கல. நாந்தான்.'

அவ்வளவு சத்தமாக நான் அதற்கு முன்னும் பேசியதில்லை, பின்னும் பேசியதில்லை. வார்டே திரும்பிப் பார்த்தது. கட்டிலில் இருந்தவர் துண்டை விலக்கி எங்களைப் பார்த்தார். யாரோ ஒரு வயதானவர். அவரைப் பார்க்க அன்று யாரும் வந்திருக்கவில்லை போலும், எங்களையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தை எழுந்து உட்கார்ந்தார். நெற்றியில் புடைத்திருந்தது. 'ஓடிருச்சா?' என்றார். 'மாடு ஓடிருச்சா? எந்தப் பக்கம்?'

'கண்மாய்ப் பக்கம்.'

'தேடுறாரா? அவரு நடந்து தேடுறாரா?'

'ஆமா அத்தே.'

என் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விழுந்தது. 'இத அங்கயே வாயத் தொறந்து சொல்லித் தொலைக்கக் கூடாதாடா, பாவி!' என்றார். அதன்பிறகுதான் அழ ஆரம்பித்தார். அந்தக் காளை கன்றாக இருந்தபோதே தாய்ப்பசு செத்துப்போய், அத்தைதான் புட்டியில் பால் கொடுத்து வளர்த்தவர். நான் எழுதியதில் பொய்யான பாதியை மட்டும்தான் அவர் காலையிலிருந்து சுமந்துகொண்டிருந்தார். உண்மையான பாதி அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. அந்த அழுகையைப் பார்த்து நர்ஸ் எங்களை வெளியே போகச் சொன்னார்.

தலைமையாசிரியர் வந்து, மாமா பெயர் பதிவில் இல்லை என்றார். அத்தை தலையை மட்டும் ஆட்டினார்.

சாயங்காலம் ஊருக்குத் திரும்பினோம். பஸ் நிற்கும் இடத்தில் மாமா நின்றிருந்தார். அத்தையின் தம்பி சைக்கிளில் போய் விஷயத்தைச் சொல்லி அழைத்து வந்திருந்தார். முழங்கால் வரை சேறு. அத்தை படியிலிருந்து இறங்குவதற்கு முன்பே அவர் கால்களைத்தான் பார்த்தார். ஒன்று, இரண்டு. பிறகு இறங்கிப்போய் அவர் தோளில் ஒரு குத்து விட்டு, 'மாட்ட விட்டுட்டு இங்க என்ன நிக்கிறீக?' என்றார்.

மறுநாள் நான் பதவியை விட்டுவிட்டேன். செய்தியைச் சுகாதார மந்திரி எடுத்துக்கொண்டான், நான் நகம் பார்க்கப் போனேன்.

ஐந்தாம் நாள் மதியம் சாப்பாட்டு மணி அடித்தபிறகு அத்தை பள்ளிக்கூட வாசலில் வந்து நின்று என்னைக் கூப்பிட்டார். அறை வாங்கிய கன்னம் தானாகப் பின்வாங்கியது.

'மாடு கெடச்சிருச்சு. கரும்புத் தோட்டத்துக்குள்ள நின்னுச்சாம். எழுதிப் போடு.'

'நான் இப்பச் செய்தி மந்திரி இல்ல அத்தே.'

'போச்சுன்னு எழுதுனது நீதான? கெடச்சுச்சுன்னும் நீயே எழுது.'

ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு ஏறினேன். மூன்று சொல் எழுத அவ்வளவு நேரம் எனக்கு எப்போதும் ஆனதில்லை. அத்தை அசையாமல் பார்த்துக்கொண்டு நின்றார். நான் இறங்கியதும் ரோட்டில் சைக்கிளில் போன ஒருவரை நிறுத்தி, 'அண்ணே, இதுல என்ன எழுதிருக்குன்னு சத்தமாப் படிங்க' என்றார்.

அவர் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு படித்தார். 'மேலத்தெருக் காளை கிடைத்தது.'

'இன்னொருக்காப் படிங்க.'

அவர் இன்னொரு தடவை படித்தார். அத்தை சரி என்று தலையாட்டிவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார்.

மூன்று தடவை எழுதிக் கிழித்துப் போட்டபிறகு இதை முழுசாக எழுதி முடித்தது, 2009-ஆம் வருடம் ஆவணி மாதம் மூன்றாம் தேதி.